உலோக ஆடிகளும் பெருந் தொலைநோக்கிகளும்

வானநூலின் வளர்ச்சியைக் கூறப் புகுவோர் பலரும் தொலைநோக்கிகளின் அளவையே முதற்கண் எடுத்துரைப்பர். இன்னார் செய்தது 4 அடி அகலம், இன்னார் செய்தது 6 அடி அகலம், அதனினும் பெரியது பின்னர் வந்தது என்று ஏணிப்படி போல அடுக்கிச் செல்வது கேட்போர்க்கு எளிதாயும் இனிதாயும் இருக்கும். ஆயினும் கி.பி. 1668 முதல் 1870 வரை ஏறத்தாழ இருநூறு ஆண்டு நிகழ்ந்தவற்றை ஊன்றி நோக்குங்கால், அளவு ஒன்றே அவ்வரலாற்றின் உயிர்நிலை அன்று என்பது புலனாகும். அக்காலத்துப் பெருந் தொலைநோக்கிகளின் ஆடிகள் கண்ணாடியால் ஆயவை அல்ல, உலோகத்தால் ஆயவை. அவ்வுலோகமோ மங்கும் இயல்பினது. மங்கியதை மீண்டும் மெருகிட வல்ல கை அருகில் இருந்த இடத்தில் தொலைநோக்கி வாழ்ந்தது. அக்கை இல்லாத இடத்தில் அஃது எத்துணைப் பெரிதாயினும் பயனின்றிக் கிடந்தது. இதனையே இவ்வியாசத்தில் நம் கல்லூரி மாணாக்கர்க்கு எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

கலிலேயோ 1609-ஆம் ஆண்டில் வானத்தை நோக்கத் திருப்பிய கருவி வில்லைகளால் ஆயது. வில்லை ஒளியை வளைத்து ஒருமுகப்படுத்துவது. ஆனால் வளைக்குங்கால் அதனை நிறம் நிறமாகப் பிரித்தும் விடுகின்றது. நீலநிறம் சற்று அண்மையிலும் செந்நிறம் சற்றுச் சேய்மையிலும் குவிதலால், விண்மீனைச் சூழ வண்ண விளிம்பு தோன்றிக் காட்சியைக் கெடுக்கும். வில்லையின் வளைவைக் குறைத்துக் குழலை நீட்டினால் இக்குறை சிறிது மறையும். இதனால் 17-ஆம் நூற்றாண்டில் 100 அடி, 150 அடி நீளமுள்ள தொலைநோக்கிகளைக் கம்பங்களில் கயிறுகட்டித் தூக்கி வானத்தை நோக்கினார்கள். காற்றடித்தால் ஆடும் அக்கழிகளைக் கொண்டு அவர்கள் கண்டவற்றை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பே மேலிடுகின்றது.

ஆடியோ ஒளியைப் பிரிப்பதில்லை. எல்லா நிறமும் ஒரே கோணத்தில் மீளும். ஆகவே குழியாடி ஒன்றால் விண்மீனின் ஒளியைக் குவிக்கலாம் என்பது ஜேம்ஸ் கிரெகரி என்பார் 1663-இல் நூலில் வெளியிட்ட கருத்து. அதனைக் கருவியாகச் செய்து முடித்தவர் ஐசக் நியூட்டன். 1668-இல் அவர் தம் கையாலேயே வார்த்துத் தேய்த்த ஆடி ஓரங்குலத்திற்குச் சற்றே மேற்பட்ட அகலமுடையது. குழலின் நீளம் ஏறக்குறைய 6 அங்குலம். பிறிதொன்று செய்து 1671-இல் இலண்டன் அரச கழகத்தார்க்கு அனுப்பினார். கைக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருள் போன்ற அதனைக் கண்டு புலவர் பலரும் மகிழ்ந்தனர். எனினும் ஐம்பதாண்டுக் காலம் அவ்வழியில் ஒருவரும் முன்னேறிச் சென்றிலர். 1721-இல் ஜான் ஹாட்லி என்பார் 6 அங்குல ஆடி ஒன்றை அரச கழகத்திற் காட்டினார். ஏறத்தாழ 5 அடி நீளமே உள்ள அக்கருவி, ஹைகன்ஸ் என்பாரின் 123 அடி நீளமுள்ள வில்லைத் தொலைநோக்கி காட்டியவற்றையெல்லாம் காட்டியது. இதன் பின்னரே ஆடியின் பெருமை ஐயமின்றி நிலைத்தது.

ஐம்பதாண்டு ஏன் கழிந்தது என்று மாணாக்கர் வினவலாம். விடை அவ்வுலோகத்தில் உள்ளது. செம்பு இரு பங்கும் வெள்ளீயம் ஒரு பங்கும் சேர்ந்த ஒருவகை வெண்கலமே ஆடிக்கு உரிய உலோகம். நியூட்டன் அதனோடு சிறிது பாஷாணமும் கூட்டினார். கேரளத்தில் ஆறன்முளையில் இன்றும் வார்க்கப்படும் உலோகக் கண்ணாடியைக் கண்டவர்கள் இவ்வினத்தின் பொலிவை அறிவர். மெருகேறினால் வெள்ளி போல் ஒளிரும். ஆனால் கண்ணாடியைப் போலவே நொறுங்கும். வார்த்த பின் விரைவிற் குளிர்ந்தால் வெடிக்கும். நன்கு மெருகேறிய நிலையிலும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கையே திருப்பும். நியூட்டன் முறைப்படி பெரிய ஆடியினின்று வரும் ஒளியைச் சிறிய ஆடியொன்று குழலின் பக்கமாகத் திருப்ப வேண்டும். ஆகவே இருமுறை இழப்பு நேர்ந்து, வந்த ஒளியிற் பாதிக்கும் குறைவே கண்ணை எட்டும். இவை எல்லாவற்றினும் பெருந் தொல்லை, ஈரக்காற்றுப் பட்டால் அது சில திங்களில் மங்கிப் போவது.

மங்கினால் துலக்கினாற் போகிறது என்று கருதுவார்க்கு ஒன்று சொல்வோம். நம் இல்லங்களில் பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் துலக்குகின்றோம்; துலக்குந்தோறும் குடம் சிறிது தேய்கின்றது; அதனால் ஊறொன்றுமில்லை. ஆடியின் நிலை வேறு. அதன் வடிவில் ஓரங்குலத்தின் பத்துலட்சத்தில் இரண்டு மூன்று பங்கு பிழை நேர்ந்தாலும் விண்மீன் புள்ளியாகத் தோன்றாது கலங்கும். மேலும் அவ்வடிவு உருண்டையின் உட்புறம் போன்றதாயிருத்தல் போதாது. பரவளைவாக இருத்தல் வேண்டும். 6 அடி அகலமும் 54 அடி குவிதூரமும் உள்ள ஆடியில் இவ்விரு வடிவுக்கும் விளிம்பில் உள்ள வேறுபாடு எத்துணை என்று கணக்கிட்டால், ஓரங்குலத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கே வரும். கணிதம் பயில்வோர் தாமே இதனைச் சரிபார்க்கலாம். ஆகவே மங்கிய ஆடியை மெருகிடுதல் என்பது துலக்குதல் அன்று. அதன் வடிவை அழித்துப் புதிதாய்ப் படைத்தலே ஆம். முதன்முதல் அதனைச் செய்தவனுக்கு இருந்த திறம் அத்தனையும் ஒவ்வொரு முறையும் வேண்டற்பாலது.

இத்திறத்தைப் பிறரிடம் கல்லாது தாமே தேடிக் கொண்டவர் வில்லியம் ஹெர்ஷல். ஜெர்மனியிலுள்ள ஹானோவரில் 1738-இற் பிறந்து, 1757-இல் இங்கிலாந்து சேர்ந்து, பாத் என்னும் நகரில் தேவாலய இசைவாணராய் வாழ்ந்தவர். பகலெல்லாம் இசை கற்பித்து இரவெல்லாம் வானநூல் கற்ற அவர், 1773-இல் ஆடி தேய்க்கத் தொடங்கினார். மாடி, கூடம் எல்லாம் பட்டறை ஆயின. அவர் தங்கை கரோலின் எழுதி வைத்த குறிப்புக்களால் அவ்வீட்டின் நிலை நமக்குத் தெரியவருகின்றது. ஒருகால் மெருகிடும்போது 16 மணி நேரம் ஆடியினின்று கையை எடாதிருந்தார். இடையில் நிறுத்தினால் வடிவு கெடும் என்னும் அச்சத்தால், உணவைத் தங்கையே அவர் வாயில் ஊட்டினார். அங்ஙனம் பெற்ற ஆடிகளுள் ஒன்றாகிய 6 அங்குல ஆடியைக் கொண்டே 1781-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆம் நாள் யுரேனஸ் என்னும் கோளைக் கண்டார். தொன்றுதொட்டு அறிந்த கோள்களுக்கு அப்பால் மனிதன் முதன்முதல் கண்ட கோள் அது. கண்டது பெருங் கருவி அன்று, நற்கருவி என்பதை நாம் மறத்தலாகாது.

அதே ஆண்டில் 3 அடி ஆடி ஒன்றை வார்க்கத் துணிந்து, வீட்டின் நிலவறையில் உலை அமைத்தார். குதிரைச் சாணம் கலந்த மண்ணை இடித்துச் சலித்து அச்சுக்கு ஆக்கித் தந்தவர் கரோலின். முதல் வார்ப்பு ஆறும்போது வெடித்தது. இரண்டாம் முறை, உருகிய உலோகம் வார்க்கும் தருணத்தில் உலையினின்று ஒழுகித் தளத்திற் பரவ, தளக்கற்கள் வெடித்து மேற்கூரை வரை சிதறின. ஹெர்ஷலும் அவர் தம்பியும் வேலையாட்களும் இருபுற வாயில்களாலும் ஓடித் தப்பினர். ஹெர்ஷல் களைத்துச் செங்கற் குவியலின்மேல் விழுந்தார். அம்முயற்சி அத்துடன் நின்றது. ஆயின் 1783-இல் 20 அடி நீளக் குழலில் 18 அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட ஆடியை அமைத்தார். நம் கருத்தில் ஹெர்ஷலின் தலைசிறந்த கருவி இதுவே. விண்முகில்கள் என்று நாம் கூறும் மங்கிய ஒளித்திட்டுக்களையும் விண்மீன் கூட்டங்களையும் சேர்த்து 2,500 வரை அவர் தொகுத்த பட்டியல்கள் 1786, 1789, 1802 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. அவற்றிற் பெரும்பாலானவை இதனாற் காணப்பட்டவையே. அண்ணன் ஏணிமேல் நின்று கண்டு கூற, தங்கை கீழே விளக்கருகில் இருந்து எழுதினார். 1787 முதல் அவருக்கு அரசர் ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் அளித்தார்.

உலகம் புகழ்ந்ததோ 40 அடிக் கருவியை. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் இருமுறையாக 4,000 பவுன் தந்ததோடு பராமரிப்புக்கு ஆண்டுதோறும் 200 பவுனும் அளித்தார். ஸ்லௌ என்னும் ஊரில் இரும்புத் தகட்டாலாகிய குழல், கிட்டத்தட்ட 5 அடி விட்டத்துடன், பெருமரச் சட்டத்தில் தூக்கப்பட்டது. பணி முடியுமுன் குழல் தரையிற் கிடந்தபோது மன்னர் அதனுள் நடந்து, பின்வந்த தலைமைப் பேராயரைப் பார்த்து விண்ணுலகுக்கு வழி காட்டுவதாக நகையாடினார் என்பது ஒரு கதை. ஆடி 4 அடி அகலம். முதலில் வார்த்தது எண்ணியதினும் மெல்லியதாய் அமைந்து தன் எடையாலேயே வளைந்தது. பின்னர் வார்த்தது 2,100 ராத்தல். எண்ணிட்ட உடை உடுத்த ஆட்கள் பலர் கூடிநின்று தேய்த்தும் மனம் நிறைவுறாது, ஹெர்ஷல் மெருகிடும் பொறி ஒன்றையும் அமைத்தார். 1789 ஆகஸ்டு 28-இல் சனியின் உபக்கிரகமாகிய என்சலடஸையும், செப்டம்பர் 17-இல் மைமாஸையும் அதனால் தெளிவாகக் கண்டார்.

அதன் பின்? அதன் பின் கூறத்தக்கது மிகுதியாக இல்லை. 20 அடிக் கருவியினும் ஆறு மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கும் அப்பெருங் கருவி பெரும்பாலும் வாளா நின்றது. காரணங்கள் மூன்று. அதனைத் திருப்பி அமைப்பதற்குள் இரவின் நல்ல நாழிகைகள் கழிந்தன. இங்கிலாந்தின் பனியில் ஆடி நீர் கோத்தது. குளிரில் உறைபனியும் படிந்தது. பேராடி வெடியாதிருக்கச் செம்பைச் சற்று மிகுத்துச் சேர்த்தமையால் அது சிற்றாடிகளினும் விரைவில் மங்கிற்று. டன் எடையுள்ள அதனை இறக்கி மெருகிட்டு ஏற்றுதல் எளிதன்று. 1815-க்குப் பின் அதனால் ஒன்றும் நோக்கப்படவில்லை. மைந்தர் ஜான் ஹெர்ஷல், 1839-இல் அதன் மரச்சட்டத்தை ஒளிப்படமாகக் கண்ணாடித் தகட்டிற் பதித்தார். கண்ணாடியிற் பதித்த முதற் படங்களுள் அஃது ஒன்று. அவ்வாண்டின் கடைசி இரவில் குடும்பத்தார் அனைவரும் குழலினுள் அமர்ந்து தாம் இயற்றிய பாட்டுப் பாடி அதற்கு விடைகொடுத்தனர்.

இந்த ஜான் ஹெர்ஷலே நம் கருத்துக்கு நேரிய சான்று. தென்வானத்தை ஆராய 1834 முதல் 1838 வரை ஆப்பிரிக்காவின் தென்முனையில் தங்கியபோது, அவர் கொண்டு சென்றது 40 அடிக் கருவியை அன்று; 20 அடிக் கருவியை. அதற்கு ஓராடி அல்ல, மூன்று ஆடிகள். உடன் மெருகிடும் பொறியும் சென்றது. தந்தையாரிடம் அக்கலையைக் கற்றிருந்தமையால், ஒன்று மங்கியதும் மற்றொன்றை ஏற்றி, மங்கியதைத் தாமே அங்கேயே மெருகிட்டுக் கொண்டார். 1,700-க்கு மேற்பட்ட விண்முகில்களும் கூட்டங்களும் அவர் பட்டியலில் ஏறின.

ஹெர்ஷலிடம் ஒரு குறை உண்டு. ஆடிகள் செய்து விற்றும் பொருளீட்டிய அவர், மெருகிடும் முறையை அச்சிட்டு வெளியிட்டிலர். ஆகவே அவருக்குப் பின் வந்தவர் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியதாயிற்று. அங்ஙனம் கற்று, தாம் கற்றதை ஒளியாது வெளியிட்டவர் அயர்லாந்தின் மூன்றாம் ராஸ் பிரபுவாகிய வில்லியம் பார்சன்ஸ். பிர் என்னும் ஊரிலுள்ள தம் கோட்டையில் உலையும் பட்டறையும் அமைத்து, கைதேர்ந்த தொழிலாளரை வெளியூரினின்று வரவழையாது, தம் நிலத்தைச் சார்ந்த ஊராரையே பழக்கினார். ஆடியை நீராவிப் பொறியால் தேய்த்ததும், தேய்க்குங்கால் வெப்பம் மாறாதிருக்க நீரில் வைத்ததும் அவர் கண்ட முறைகள். 3 அடி ஆடியில் வெற்றி பெற்ற பின் 6 அடி ஆடிக்குத் துணிந்தார்.

1842 ஏப்ரல் 13-ஆம் நாள் இரவு முதல் வார்ப்பு நிகழ்ந்தது. சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண்ணே எரிபொருள். மூன்று பெரிய இரும்பு மூசைகளில் உருகிய உலோகம் ஒரே வேளையில் அச்சினுட் கவிழ்க்கப்பட்டது. அச்சின் அடிப்பகுதி திண்ணிய தகடன்று; இரும்புப் பட்டைகளை விளிம்பு மேலாக நெருக்கி அடுக்கியது. காற்று அவ்விடுக்குகளால் வெளியேறும், உலோகம் ஒழுகாது. வெப்பமும் அடியினின்றே முதலில் வாங்கப்படுதலால் ஆடியின் முகம் குமிழியின்றி உறையும். இச்சிறு சூழ்ச்சியே ஹெர்ஷலின் நிலவறைக்கும் பிர் கோட்டைக்கும் உள்ள வேறுபாடு. செந்தழலாய் நின்ற வார்ப்பை ஆற்றும் உலைக்குள் இழுத்து வாயிலை அடைத்து 16 வாரம் விட்டனர். அங்ஙனமிருந்தும் ஐந்து முறை வார்த்தே இரண்டு நல்ல ஆடிகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் 3 டன்னுக்குக் குறையாதது.

இரண்டு எதற்கு? ஒன்று குழலில் இருக்க, மற்றொன்று பட்டறையில் மெருகேறும். ஆடியைப் பட்டறைக்குக் கொண்டு செல்லச் சிறு தண்டவாளமும் இடப்பட்டது. இப்பெருந் தொலைநோக்கியைப் பற்றி எழுதுவோர் அதன் குழலினுள் ஈலி நகர்த் தேவாலயத் தலைவராகிய பீக்காக் என்பார் குடை விரித்தபடி நடந்து சென்றதையே விரும்பிக் கூறுவர். நாமோ அத்தண்டவாளத்தையே பெரிதாக மதிக்கின்றோம். 50 அடிக்கு மேற்பட்ட உயரமுள்ள இரு கற்சுவர்களின் நடுவே தொங்கிய குழல் மேலும் கீழும் நன்கு இயங்கும். பக்கவாட்டிற் சிறிதே நகரும். ஆகவே எப்பொருளையும் அது நேர்தெற்கே கடக்கும் வேளையில் ஏறக்குறைய ஒருமணி நேரமே தொடர்ந்து நோக்கலாம். அயர்லாந்தின் முகிலும் மழையும் அம்மணி நேரத்தையும் பெரும்பாலும் பறித்துக் கொண்டன.

எனினும் 1845-ஆம் ஆண்டு பிப்ரவரியில் முதல் நோக்கு நிகழ்ந்து, சில வாரங்களுக்குள் அரிய காட்சி ஒன்று கிட்டியது. மெஸ்ஸியே பட்டியலில் 51 என எண் பெற்ற விண்முகில், ஹெர்ஷல் குடும்பத்தார்க்கு வளையம் சூழ்ந்த ஒளித்திட்டாகவே தோன்றியது. ராஸ் பிரபு அதில் நீர்ச்சுழி போன்ற சுருளைக் கண்டார். ஒளிப்படம் அங்கு எடுத்தல் இயலாமையால் கையால் வரைந்தார். அவ்வாண்டு ஜூனில் கேம்பிரிட்ஜில் கூடிய அறிஞர் அவையில் அப்படம் காட்டப்பட்டது. இக்காலத்து ஒளிப்படத்தோடு அதனை ஒப்பிட்டு நோக்கினால், அக்கண்ணும் கையும் எத்துணை நேர்மை வாய்ந்தவை என்பது விளங்கும்.

அவ்வாண்டு முதுவேனிற்குப் பின் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழியத் தொடங்கியது. பத்திலட்சம் மக்களைக் கொள்ளை கொண்ட அப்பெரும் பஞ்சத்தில் பிர் கோட்டையாரும் வானத்தை விடுத்து மண்ணை நோக்கலாயினர். உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி சில ஆண்டு ஓய்ந்திருந்தது. வானநூல் நூல்களில் இஃது ஒரு வரியில் முடிகின்றது. அவ்வூராரே அதனைக் கட்டிய கையினர் என்பதை எண்ணினால் அவ்வொரு வரி போதாது.

மற்றொன்றும் மறைக்காது கூறவேண்டும். மிருகசீரிடத்தை அடுத்த ஓரியன் விண்முகிலைப் பேராடியால் நோக்கிய ராஸ் பிரபுவும் அவர் நண்பர் ராபின்சனும், அது முழுதும் சிறு விண்மீன்களாகப் பிரிந்து தோன்றத் தொடங்கிற்று எனக் கருதினர். விண்முகில் எல்லாம் தூரத்து விண்மீன் கூட்டமே, ஒளிரும் வாயு என்பது இல்லை என்ற கொள்கை இதனால் வலிமை பெற்றது. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் 8 அங்குல வில்லைத் தொலைநோக்கியில் நிறமாலை காட்டும் கருவியைப் பொருத்தி வேறொரு விண்முகிலை நோக்கினார். விண்மீனின் தொடர்நிறங்கள் தோன்றாது ஒளிக்கோடுகளே தோன்றின. அது வாயு. ஓரியன் விண்முகிலும் அவ்வாறே ஆயிற்று. 72 அங்குலம் தவறிய இடத்தில் 8 அங்குலம் விடை கூறியது. சுருள் விண்முகில்களோ உண்மையில் விண்மீன் கூட்டங்களே என்பது, 1923-இல் எட்வின் ஹபிள் 100 அங்குலக் கருவியால் ஆந்திரமீடாவில் ஒளி மாறும் விண்மீனைக் கண்டு தூரத்தைக் கணித்த பின்னரே முடிவாயிற்று. ஆக, பெருங் கருவி காட்டியதைச் சரியாக வரைந்த கை, காட்டாததைக் கண்டதாக ஒருகால் நம்பியது.

ராஸ் பிரபுவின் காலத்திலேயே லிவர்பூலில் மதுவடிக்கும் தொழிலில் பொருளீட்டிய வில்லியம் லாசல் 24 அங்குல ஆடியைச் செய்து, புவியின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்பும் அச்சில் அமைத்தார். நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்ட 17 நாட்களில், 1846 அக்டோபர் 10-ஆம் நாள், அதன் உபக்கிரகமாகிய டிரைட்டனைக் கண்டவர் அவரே. பின்னர் 48 அங்குல ஆடி செய்து, நல்ல வானம் தேடி 1861-இல் மால்டாத் தீவுக்கு எடுத்துச் சென்றார். அவரும் தாமே தேய்ப்பவர்.

இனி, தேய்ப்பவர் அருகில் இல்லாத கருவியின் கதைக்கு வருகின்றோம். தென்வானத்திற்குப் பெருந் தொலைநோக்கி வேண்டும் என்று அறிஞர் குழு ஒன்று நெடுநாள் ஆராய்ந்து, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்கு 48 அங்குலக் கருவியை டப்ளினில் தாமஸ் கிரப் என்பாரிடம் செய்வித்தது. 1868-இல் முடிந்து 1869-இல் நிறுவப்பட்டது. பொறியமைப்பில் அதற்கு நிகரில்லை. பல டன் எடையுள்ள அதனை ஒருவரே திருப்பலாம். கண்ணாடிமேல் வெள்ளி பூசும் முறை அப்போது வந்துவிட்டது. எனினும் பெரிய அளவில் அது சோதிக்கப்படவில்லை என்று முதியோர் பழைய உலோகத்தையே தேர்ந்தனர். கடற்காற்றால் மங்காதிருக்க அரக்கு மெழுகு பூசி ஆடிகளை அனுப்பினர். அம்மெழுகை அகற்றப் புகுந்தபோதே முகம் பழுதுற்றது. டப்ளினில் பயிற்சி பெற்று உடன் சென்ற லெ சூர் என்பார் மீண்டும் மெருகிட முயன்று, 1870-இல் பணியினின்றும் விலகினார். கற்ற கை போயிற்று. கல்லாத கைகள் ஏட்டைப் பார்த்துக் கற்கவேண்டியதாயிற்று. திருப்பி டப்ளினுக்கு அனுப்புவதென்றால் கடல் வழியே திங்கட்கணக்கு. போதாக்குறைக்கு, கூரையை விலக்கித் திறந்த வெளியில் நோக்கும் அமைப்பாதலின் காற்று குழலை ஆட்டியது. நெடிய குவிதூரத்தால் விண்முகில்கள் பரந்து மங்கித் தோன்றின. அமெரிக்க ஆடித்தொழில் வல்லுநர் ஜார்ஜ் ரிச்சி 1904-இல் இதனை வானக்கருவிகளின் வரலாற்றிலேயே பெருங் கேடுகளுள் ஒன்று என்றார். ஏனெனில் அதன் தோல்வி கண்டு ஆடித் தொலைநோக்கிகளின்மேலேயே உலகம் நம்பிக்கை இழந்தது. பழி உலோகத்தின்மேல் விழ வேண்டியிருக்க, இனத்தின்மேல் விழுந்தது. அக்கருவி 1940-களில் ஸ்ட்ரோம்லோ மலைக்கு விற்கப்பட்டு, கண்ணாடியாலான புதிய ஆடி பெற்று, 1990-களில் சிறந்த ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது. 2003 ஜனவரியிற் காட்டுத்தீக்கு இரையாயிற்று. எஞ்சிய பகுதிகளைத் திரட்டி அதனை மீட்கும் பணியை மெல்போர்னில் மேற்கொண்டனர்.

கண்ணாடியில் வெள்ளி பூசியவர்களுள் முதல்வர் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல், பிரான்சில் லெயோன் ஃபூக்கோ. ஆண்டுகள் 1856, 1857. உலோக ஆடியில் வடிவும் மெருகும் ஒன்றே. மெருகு கெட்டால் வடிவையும் குலைத்தாக வேண்டும். பூசிய கண்ணாடியிலோ வடிவு கண்ணாடிக்கு உரியது. ஒளிர்வு வெள்ளிக்கு உரியது. வெள்ளி மங்கினால் அமிலத்தாற் கழுவிவிட்டு மீண்டும் பூசலாம். வடிவு இம்மியும் மாறாது. வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஒளியைத் திருப்பும்; கண்ணாடியின் எடையோ அதே பருமனுள்ள உலோகத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஃபூக்கோ கத்திமுனை ஒன்றைக் குவியத்தில் வைத்து ஆடியின் பிழையைக் கண்ணாற் காணும் சோதனையையும் வகுத்தார். ஹெர்ஷல் விரல்நுனியாலும் பழக்கத்தாலும் அறிந்தது இதனால் எவரும் கற்கத்தக்கதாயிற்று. ஆண்ட்ரூ காமன் என்பார் 36 அங்குலக் கண்ணாடி ஆடியால் 1883-இல் எடுத்த ஓரியன் ஒளிப்படம், மனிதக் கண்ணால் ஒருபோதும் காணாத விண்மீன்களைக் காட்டியது. அக்கருவியே பின்னர் அமெரிக்காவின் லிக் ஆராய்ச்சி நிலையம் சேர்ந்தது.

ராஸ் பிரபுவின் 72 அங்குலம் 1917-இல் மவுண்ட் வில்சனில் 100 அங்குலக் கருவி அமையும் வரை உலகிற் பெரிதாய் நின்றது. எனினும் அதற்கு நெடுநாள் முன்னரே அது நோக்குவார் இன்றி இருந்தது. 1908-இல் பிரிக்கப்பட்டது. அதன் ஆடி ஒன்று இலண்டன் அறிவியற் காட்சிச்சாலையில் உள்ளது. 1990-களின் இறுதியில் குழலும் அமைப்பும் பிர் கோட்டையிற் புதுப்பிக்கப்பட்டன. ஆனால் இம்முறை அமைத்த ஆடி அலுமினியம்.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றின் கிளை ஒன்று வந்துள்ளது. மெல்போர்ன் கருவியைச் செய்த கிரப்பின் மைந்தர் ஹோவர்டு கிரப் செய்த 20 அங்குல ஆடித் தொலைநோக்கி, பவநகர் மன்னரின் கொடையாற் பூனாவில் நிறுவப்பெற்று, 1912-இல் கோடைக்கானலுக்கு வந்தது. ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர், அதாவது 92 அங்குலம். ராஸ் பிரபுவின் ஆடியினும் 20 அங்குலம் பெரிது. அது பெங்களூரில் நம் நாட்டினராலேயே தேய்க்கப்பட்டது. வெள்ளிக்கு மாற்றாக 1930-களில் வந்த அலுமினியப் பூச்சே அதன்மேல் உள்ளது. அப்பூச்சு மங்குங்கால் ஆடியை இறக்கி, பழைய பூச்சைக் கழுவி, காற்றகற்றிய பெருங்கலத்துள் வைத்து அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவிடுவர். அக்கலம் காவலூரிலேயே உள்ளது.